பழைய பிக்கப் வண்டி: புதுக்குவதா, மாற்றுவதா?

பழைய பொருளை என்ன செய்வது என்ற கேள்வி புதிதல்ல. இடிந்த கோயிலுக்கு அது வந்திருக்கிறது. செல்லரித்த ஏட்டுச் சுவடிக்கும் வந்திருக்கிறது. இன்று அதே கேள்வி, கொல்லையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய பிக்கப் வண்டிக்கும் வந்திருக்கிறது. பெங்களூருவில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவோ தகப்பனாரோ வைத்துப் பிழைத்த வண்டி ஒன்று உண்டு. ஓசூர்ப் பக்கத்துக் காய்கறியும் பூவும் சிட்டி மார்க்கெட்டுக்கு ஏற்றி வந்த வண்டி, கலாசிபாளையத்தில் லோடு பிடித்த வண்டி, பாத்திரக் கடைக்கும் மரக்கடைக்கும் உழைத்த வண்டி.

அதை எடுத்து மறுபடி ஓட்டலாம் என்று பேச்சு வந்தவுடன் வீட்டில் மூன்று கட்சி உண்டாகிவிடுகிறது. "அப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கணும்" என்பார் ஒருவர். "அகல டயர் போட்டு, புது எஞ்சின் இறக்கி, ஏசி வச்சு ஜம்முனு பண்ணலாம்" என்பான் பேரன். "எதுக்கு வீண் செலவு? எடைக்குப் போட்டுடுங்க" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒரே வண்டிக்குச் செய்ய முடியாது. ஆகவே கத்தரி போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை எவை என்பதை, உதிரி பாக வியாபாரத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

ஒர்க்‌ஷாப்பில் எல்லா வேலைக்கும் "ரெடி பண்றது" என்ற ஒரே சொல்தான். உண்மையில் அதற்குள் நான்கு வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது காத்தல்: இருப்பதை இருந்தபடியே வைத்து, துரு மேலும் பரவாமல் தடுப்பது. இரண்டாவது புதுக்குதல்: கெட்டதை அதே வகைப் பொருளால், அதே முறையால் சரிசெய்து முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவது. ரெஸ்டோரேஷன் என்பது இதுதான். மூன்றாவது மாற்றுதல்: நம் விருப்பத்துக்கோ தேவைக்கோ ஏற்ப உருவையும் உறுப்பையும் வேறாக்குவது, அதாவது கஸ்டமைசிங். நான்காவது இவற்றின் கலப்பு: வெளியே பழைய தோற்றம், உள்ளே புதிய எஞ்சின், புதிய பிரேக். இதை மேல்நாட்டார் ரெஸ்டோமாட் என்கிறார்கள்.

புதுக்குதல் என்ற சொல் நம் கல்வெட்டுகளில் வாழ்ந்த சொல். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணச் சான்றோர் அங்கே உள்மண்டபத்தைப் புதுக்கினார், முன்னே முகமண்டபம் ஒன்றைப் புதிதாக எடுத்தார் என்று அது சொல்கிறது. ஒரே மனிதர், ஒரே கோயில். ஒரு பக்கம் புதுக்கினார், இன்னொரு பக்கம் கூட்டினார். நாம் இன்று எதிரெதிராக வைத்துப் பேசும் இரண்டையும் அவர் சேர்த்துச் செய்தார். முக்கியமானது என்னவென்றால், எது புதுக்கியது, எது கூட்டியது என்று கல்லில் எழுதி வைத்தார்.

பொற்குடமும் பொன்முடியும்

காஞ்சியோடு தொடர்புடையவராகச் சமண மரபு போற்றும் சமந்தபத்திரர், ஆப்தமீமாம்சை என்னும் நூலில் ஓர் உவமை வைக்கிறார். பொற்குடம் ஒன்றை உருக்கி முடி செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான். முடி வேண்டியவன் மகிழ்கிறான். பொன் மட்டும் வேண்டியவனுக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தோன்றுவது, அழிவது, நிலைப்பது ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பது அவர் காட்டும் உண்மை.

நம் வீட்டு மூன்று கட்சியும் இதுவேதான். அசல் வேண்டுபவர் குடத்தை விரும்புகிறார். மாற்ற விரும்பும் பேரன் முடியை விரும்புகிறான். எடைக்குப் போடச் சொல்பவர் பொன்னைப் பார்க்கிறார். சிவாஜிநகர் குஜரியிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தராசைப் பிடித்திருப்பவரும் இந்த மூன்றாம் கட்சிதான். அதில் இழிவு ஒன்றுமில்லை. அங்கே பிரித்துப் போட்ட வண்டிகளின் உறுப்புகளால்தான் மற்ற வண்டிகள் உயிர் பிழைத்தன.

ஆனால் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. முடியை உருக்கினால் மறுபடி குடம் செய்யலாம். வண்டி அப்படியல்ல. வெட்டிய கூரை திரும்பாது. சாசியில் அடித்த எண் அழிந்தால் திரும்பாது. எழுபது வருஷத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டால் அடியில் என்ன நிறம் இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "புதுக்குவதா மாற்றுவதா" என்பதைவிட, "நாளைக்கு வேண்டாம் என்றால் திருப்பிவிட முடியுமா" என்பதே முதல் கேள்வி.

நம் ஊருக்கு வந்த பிக்கப்புகள்

போர்டு நிறுவனம் 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் காலூன்றின. பெட்டிகளில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டி விற்றன. செவர்லே லாரியும் பிக்கப்பும் அப்படித்தான் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ டிஸ்போசலில் ஜீப்புகளும் சிறு டிரக்குகளும் ஏலத்துக்கு வந்தன. உறுப்புகளை இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்ததும், 1954க்குள் அந்த இரு நிறுவனங்களும் கடையைக் கட்டின.

இந்தக் கதையில் பெங்களூருக்கு ஒரு பங்கு உண்டு. 1930களில் சர் எம். விசுவேசுவரய்யாவும், சோலாப்பூர்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசின் துணையோடு இங்கே மோட்டார் தொழிற்சாலை ஒன்று தொடங்க முயன்றார்கள். பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. வால்சந்த் 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எச்.ஏ.எல். ஆயிற்று. மோட்டார் தொழிற்சாலையை 1944இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்ற பெயரில் நிறுவினார். அங்கிருந்துதான் கிரைஸ்லர் உரிமத்தில் டாட்ஜும் பார்கோவும் வந்தன. இரண்டும் ஒரே வண்டி, முகத்தில் பெயர்தான் வேறு. இது தெரிந்தவர் பார்கோவுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று அலைய மாட்டார். டாட்ஜ் சாமானைக் கேட்பார்.

மகிந்திரா 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. பிற்பாடு எஃப்.சி. 150 என்னும் பிக்கப்பையும் செய்தது. ஓட்டுநர் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே மூடிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும். நீளம் குறைவு, சுமக்கும் இடம் அதிகம். சந்து பொந்துகளுக்கு ஏற்றது. சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அட்லஸ், ஸ்டாண்டர்டு 20 ஆகிய சிறு வண்டிகளைச் செய்தது. பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர ஹான்சியட்டும், பிறகு வந்த மெட்டடோரும் எத்தனை பேருக்குப் பிழைப்பு கொடுத்தன என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எது அசல்?

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் ஒரு 1950ஆம் வருஷத்து செவர்லே பிக்கப்பைப் புதுக்குகிறவருக்குக் கம்பெனிப் புத்தகம் இருக்கிறது. தொட்டியின் அடிப்பலகை என்ன, நிறம் எத்தனை வகை, எல்லாம் அச்சில் இருக்கின்றன. நம் நாட்டில் பல வண்டிகள் சாசியும் முகப்பும் மட்டுமாகவே விற்கப்பட்டன. பின்பக்கப் பாடியை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கட்டினார்கள். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்ப்சன் நிறுவனம் முதல் தெருமுனைப் பட்டறை வரை பாடி கட்டியவர்கள் பலர். அந்த மரப்பலகைப் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்கப் படத்தைப் பார்த்து இரும்புத் தொட்டி செய்து மாட்டினால் அது புதுக்குதல் ஆகுமா? அந்த வண்டி என்றைக்குமே அப்படி இருந்ததில்லையே! அதுவும் ஒருவகை மாற்றுதல்தான்.

எஞ்சின் விஷயம் இன்னும் சுவையானது. வில்லிஸ் ஜீப்பின் பழைய எஞ்சின் பெட்ரோல். 134 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 2,200 சி.சி. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பெட்ரோல் வண்டி வைத்துத் தொழில் செய்ய முடியவில்லை. ஆயிரக்கணக்கான வண்டிகளில் டீசல் எஞ்சின் இறங்கியது. சிம்ப்சன் செய்த பெர்க்கின்ஸ் எஞ்சின், பின்னால் மெட்டடோர் எஞ்சின் என்று கையில் கிடைத்தது ஏறியது. கம்பெனி செய்த வண்டி பெட்ரோல். குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி டீசல். இதில் எது அசல்?

என் கருத்து இதுதான்: புதுக்குதல் என்பது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுப்பது. எந்த ஆண்டுக்கு வண்டியைக் கொண்டுபோகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கம்பெனி வாசலைத் தாண்டிய நாளுக்கா? தாத்தா வாங்கிய நாளுக்கா? அவர் கடைசியாக ஓட்டிய நாளுக்கா? மூன்றும் நியாயமே. ஆனால் ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டின் தடயத்தை எழுத்திலும் படத்திலுமாவது காப்பாற்ற வேண்டும். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற துரின் சாசனமும் இதையே வற்புறுத்துகிறது: தலையீடு குறைவாக இருக்கட்டும், செய்ததை எழுதி வையுங்கள், புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரியட்டும். இளங்கௌதமன் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்ததும் இதே நேர்மைதான்.

மாற்றுவோர் கட்சி

மாற்றுவதைக் கெட்ட காரியம்போல் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. போருக்குப் பின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் மலிவான பழைய கார்களையும் பிக்கப்புகளையும் வாங்கி, கூரையைத் தாழ்த்தி, வேறு எஞ்சின் பூட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிகோக் குடும்பங்கள் செவர்லே பிக்கப்பைத் தரையோடு தரையாக இறக்கி வண்ணம் தீட்டியது ஒரு சமூகத்தின் அடையாளமாகவே ஆயிற்று. 1955இல் செவர்லே கொண்டுவந்த வி-8 எஞ்சின் சிறியது, மலிவு. எந்த வண்டிக்குள்ளும் நுழைந்தது. பாகிஸ்தானில் பிரிட்டன் நாட்டு பெட்ஃபோர்டு லாரியின் மீது மரமும் தகரமும் ஓவியமும் ஏறிப் புதிய கலையே பிறந்தது. அந்த ஓவியத்தைச் சுரண்டிவிட்டு "அசல்" பெட்ஃபோர்டு ஆக்குகிறேன் என்று எவராவது புறப்பட்டால் அவரை ரசிகர் என்று சொல்ல மாட்டோம்.

தேவையால் மாற்றியதற்கு நம் இனத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்கவில்லை. பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களைச் சில துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் அந்த வண்டிகளில்தான் போனார்கள். அங்கே "கம்பெனி விதி" பேசிக்கொண்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது. அப்படிப்பட்ட மாற்றம் வண்டியின் குறையல்ல, வரலாறு.

ஆக, மாற்றத்திலும் இருவகை. தேவை பிறப்பித்த மாற்றம் ஒன்று. ஆசை பிறப்பித்தது மற்றொன்று. ஆசையும் தப்பில்லை. ஆனால் ஆசையைத் தீர்க்க ஏற்கெனவே குலைந்துபோன வண்டி ஒன்றை எடுங்கள். எண், எஞ்சின், பாடி மூன்றும் ஒன்றாகப் பிழைத்திருக்கும் வண்டியை வெட்டாதீர்கள். அப்படிப்பட்டவை மிகச் சில.

மாற்றியே ஆக வேண்டியவை

எவ்வளவு கறாராகப் புதுக்கினாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டும். முதலாவது எரிபொருள். நம் நாட்டில் 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுக்குக் கவசமாக இருந்தது. இப்போது ஹெட்டைத் திறக்கும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. 2025இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் ஓசையும் டயாஃப்ரத்தையும் கார்க் பேக்கிங்கையும் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். இந்தச் சாமான்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றியே தீர வேண்டும். வெளியே தெரியாது, அசலுக்கும் பங்கமில்லை.

இரண்டாவது பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போயிற்று. இரட்டை வழி பிரேக்கும் சீட் பெல்டும் வைப்பது உயிருக்குச் செய்யும் மரியாதை. கொல்லாமை பேசுகிற நாம் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

மூன்றாவது, சின்ன விஷயம்: போல்ட்டும் நட்டும். அமெரிக்க வண்டிக்கு ஒரு மரை, பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் என்ற வேறு மரை, இன்றைக்குக் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. அவசரத்தில் மெக்கானிக் பொருந்தாத போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை செத்துப்போகும். ஜே.சி. ரோட்டில் பழைய கடைகளில் கேட்டால் சரியான அளவு இன்னமும் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் சீட்டு எழுதிப் பையில் போடுங்கள்.

சட்டம் எந்தப் பக்கம்?

நம் நாட்டுச் சட்டம் புதுக்குவோர் பக்கமே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, 2000இல் திருத்தப்பட்ட பிறகு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

மறுபக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் காக்கப்பட்ட வண்டிக்கு இது பொருந்தும். சாசி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டமும் வணிகமும் கூடாது. சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவு எந்த வகையில் இருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்து வண்டிகள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டன. போன மாதம் ஆசைக்கு வெட்டிய வண்டி இந்த மாதம் விண்டேஜ் என்று நிற்க முடியாது.

குடும்பத்துக்கு ஒரு நடைமுறை

வேலை தொடங்குமுன் ஆர்.சி. புத்தகம், பழைய இன்சூரன்ஸ், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டியை எட்டுத் திசையிலும் உள்ளும் அடியிலும் படம் எடுங்கள். தெரியாத ஒரு மூலையில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பார்த்தால் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரியும். தொல்லியலார் மண்ணடுக்கைப் பார்ப்பதுபோல எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். டிங்கர் வேலைக்காரர் துருவின் மேலேயே பட்டி போட்டு மூட விடாதீர்கள். மூடிய துரு உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும். கதவிலே கடைப்பெயர் எழுதியிருந்தால், அது தமிழோ கன்னடமோ, அதை அழிக்காதீர்கள். எந்தப் பெயிண்டரும் அந்தக் கையெழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கழற்றிய பழைய உறுப்பை எடைக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். எஞ்சின் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சாசியை வெட்டாமல், இருக்கும் துளைகளிலேயே தாங்கி அமைத்து மாட்டச் சொல்லுங்கள், நாளைக்குத் திருப்பலாம்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே தர்மஸ்தலத்தார் அமைத்துள்ள "பயணா" அருங்காட்சியகத்தையும், கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அருமையான சேவை. ஆனால் எங்கே போனாலும் அதிகம் பிழைத்திருப்பவை கார்கள்தான். ராஜாக்களும் பிரபுக்களும் ஷெட்டில் வைத்துப் பூட்டியதால் அவை பிழைத்தன. பிக்கப்புக்கு ஷெட் கிடையாது. உழைக்கிற வரை உழைத்தது, பிறகு எடைக்குப் போனது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் வாழ்க்கைக்குச் சாட்சி சொல்லும் பொருள்கள் குறைவு. சலவைக்கல்லில் பெயர் வெட்டி வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. மூட்டை உராய்ந்து தேய்ந்த அந்தத் தொட்டிப் பலகைதான் அவர்கள் கல்வெட்டு.

புதுக்குபவர் புதுக்கட்டும். மாற்றுபவர் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றட்டும். ஒன்றை மட்டுமே உண்மை என்று சாதிப்பது நம் அநேகாந்தக் கொள்கைக்கும் ஒவ்வாது. எதைச் செய்தாலும் முன்பு எப்படி இருந்தது, யார் ஓட்டினார், எதை ஏற்றினார், நாம் எதை மாற்றினோம் என்று ஒரு பக்கம் எழுதி வண்டிக் கோப்பிலேயே வையுங்கள். அதன் பிரதி ஒன்றைச் சங்கத்துக்கும் கொடுங்கள். வண்டி நின்றுபோன பிறகும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.